பூதலூரிலிருந்து காரைக்கால்: ஒரு நாள் பயணமும் 215 வருஷக் கதையும்

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட கடற்கரை ஊர் என்றதும் எல்லோருக்கும் பாண்டிச்சேரிதான் ஞாபகம் வரும். மஞ்சள் சுவர், நேர்கோட்டுத் தெரு, கடற்கரைச் சாலை, காந்தி சிலை... தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்லூரிப் பசங்களும் சேர்ந்தாற்போல இரண்டு நாள் லீவு கிடைத்தால் பாண்டிக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். ஆனால் பூதலூரில் இருப்பவருக்கு பிரெஞ்சு ஊர் அவ்வளவு தூரத்தில் இல்லை. திருச்சியிலிருந்து பூதலூர், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், நாகூர் என்று கிழக்கே ஓடும் ரயில் பாதை போய்ச் சேரும் ஊர் காரைக்கால். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடலாம்.

போய்விட்டு வந்தவர்கள் பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். "அங்க என்ன இருக்கு? திருநள்ளாறும் பிராந்திக் கடையும்தான்!" என்பது வழக்கமான பதில். ஒரு வகையில் அது உண்மைதான். பாண்டிச்சேரியில் இருப்பது போல வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்ற பிரிவோ, வரிசையாகப் பிரெஞ்சு வீடுகளோ காரைக்காலில் கிடையாது. பேருந்து நிலையத்தில் இறங்கினால் கும்பகோணம், மாயவரம் போல இன்னொரு டெல்டா ஊர் மாதிரித்தான் தெரியும். போலீஸ்காரர் தலையில் இருக்கும் சிவப்புத் தொப்பியும், "கொம்யூன் பஞ்சாயத்து" என்ற பெயர்ப் பலகையும் மட்டும் கொஞ்சம் வித்தியாசம்.

காரைக்காலின் பிரெஞ்சுக் கதையைக் கட்டடங்களில் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அந்தக் கதை இருப்பது வயலிலும் ஆற்றிலும், அங்கிருந்து கப்பல் ஏறிப் போனவர்களிடமும். இன்னொரு விஷயம், அது முக்கால்வாசி தஞ்சாவூரின் கதை. பயணத்துக்கு முன்னால் இதைத் தெரிந்துகொண்டு போனால், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும்போதே பார்க்க நிறைய இருக்கும்.

கதை தொடங்குவது தஞ்சாவூர் அரண்மனைச் சண்டையில். 1738இல் மராட்டிய இளவரசர் சாகுஜி பதவியை இழந்து, பாண்டிச்சேரியில் இருந்த பிரெஞ்சு கவர்னர் துய்மாவிடம் உதவி கேட்டார். உதவினால் காரைக்காலைத் தருவதாகப் பேச்சு. பிரெஞ்சுக்காரர்களுக்குக் காரைக்கால் மேல் ஏன் கண் என்பதற்கு வரைபடத்தைப் பார்த்தாலே பதில் கிடைக்கும். அந்தச் சின்னக் கடற்கரையில் தெற்கே நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் 1658லிருந்து உட்கார்ந்திருந்தார்கள். வடக்கே தரங்கம்பாடியில் டென்மார்க்காரர்கள் 1620லிருந்தே கோட்டை கட்டி வியாபாரம் செய்தார்கள். தஞ்சை நெல்லும் துணியும் கடலுக்குப் போகும் வாசலில் பிரெஞ்சுக்காரர்களுக்கு மட்டும் இடம் இல்லை!

சாகுஜிக்கு சிம்மாசனம் திரும்பக் கிடைத்தது. கிடைத்ததும் வாக்கைக் காற்றில் விட்டுவிட்டார். பக்கத்தில் போட்டிக்கு ஆள் வருவதை நாகப்பட்டினம் டச்சுக்காரர்களும் விரும்பவில்லை. அந்த நேரத்தில் உள்ளே நுழைந்தவர் ஆற்காடு நவாபின் மருமகன் சந்தா சாகிப். பிரெஞ்சுக்காரர்களுக்கு வேண்டியவர். அவர் ஆட்களை அனுப்பி காரைக்காலைப் பிடித்துக் கொடுத்தார். 1739 பிப்ரவரி 14ஆம் தேதி ஊரும் பக்கத்துக் கோட்டையும் சில கிராமங்களும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. ஆக, அவர்கள் கடல் வழியாக வந்து பீரங்கி போட்டுப் பிடித்த ஊர் அல்ல இது. அண்ணன் தம்பி பங்காளிச் சண்டையில், அடகு வைத்த நகை போலக் கைமாறியது.

அதே வருஷம் சாகுஜியும் போய், பிரதாபசிங் ராஜாவானார். இவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது, ரயில் பயணத்தில் மறுபடியும் வரும். 1749 கடைசியில் சந்தா சாகிப்பும் முசாபர் ஜங்கும் பிரெஞ்சுப் படையின் துணையோடு தஞ்சாவூரை முற்றுகையிட்டார்கள். பாண்டிச்சேரி கவர்னராக துய்ப்ளே இருந்த காலம் அது. பிரதாபசிங் பெரிய தொகை தருவதாக ஒப்புக்கொண்டார். 1750 ஜனவரி ஒப்பந்தத்தில் காரைக்காலைச் சுற்றி 81 கிராமங்களை விட்டுக்கொடுத்தார். இன்று தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கு நடுவே தனியாகத் தெரியும் காரைக்கால் பகுதிக்கு, கிட்டத்தட்ட 160 சதுர கிலோமீட்டர், அடிப்படை போட்டது அந்தக் கையெழுத்துதான்.

பணம் தருவதாகச் சொன்ன விஷயம் அத்தோடு முடியவில்லை. எட்டு வருஷம் கழித்து, 1758இல், லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி அந்தப் பாக்கியை வசூலிக்கப் படையோடு கிளம்பினார். 56 லட்சம் ரூபாய் பத்திரம்! கடலூரிலிருந்து தெற்கே வந்து, காரைக்கால் வழியாகத் தஞ்சாவூரை நோக்கி நடந்தார். இந்தப் படையெடுப்பில் டெல்டாக்காரர்கள் சிரிக்கக்கூடிய ஒரு விஷயம் உண்டு. கொள்ளிடக் கரையில் தேவிக்கோட்டையில் பசியோடு வந்து சேர்ந்த சிப்பாய்களுக்குக் கிடைத்தது வெறும் நெல். உமி நீக்காத நெல். குத்துவதற்கு உரலும் இல்லை, உலக்கையும் இல்லை, பொறுமையும் இல்லை. இந்தியாவின் நெற்களஞ்சியத்தில் ஒரு ஐரோப்பியப் படை பட்டினி கிடந்தது.

அடுத்து நடந்தவை சிரிக்கும்படி இல்லை. நாகூரைக் கொள்ளையடித்தார்கள். கீவளூர் கோயிலில் புதையல் தேடித் தோண்டினார்கள். அங்கே இருந்த பிராமணர்கள் சிலரை ஒற்றர்கள் என்று சொல்லி பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். தஞ்சாவூர்க் கோட்டையை முற்றுகையிட்டும் வெடிமருந்தும் சாப்பாடும் தீர்ந்துபோனது. அதற்குள் கடலில் ஆங்கிலேயக் கப்பல்கள் பிரெஞ்சுக் கப்பல் படையை விரட்டிவிட்டன, காரைக்காலுக்கே ஆபத்து என்ற செய்தி வந்தது. ஆகஸ்டில் லாலி காரைக்காலுக்கே திரும்ப ஓடினார். பிற்பாடு பாண்டிச்சேரியையும் இழந்து, 1766இல் பாரிஸில் தலை வெட்டப்பட்டார். இப்போது ரயில் போகும் திருவாரூர், கீவளூர், நாகூர்ப் பக்கமெல்லாம் அந்தப் படை அலைந்த பூமி.

1760இல் ஆங்கிலேயர்கள் காரைக்காலைப் பிடித்தார்கள். 1765இல் திருப்பிக் கொடுத்தார்கள். 1778இல் மறுபடி பிடித்தார்கள், 1785இல் மறுபடி கொடுத்தார்கள். 1793இல் மூன்றாம் முறை. ஐரோப்பாவில் சண்டை வரும்போதெல்லாம் இங்கே கொடி மாறும், சமாதானம் ஆனால் மறுபடி மாறும். கடைசியாக 1817 ஜனவரியில் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. ஆனால் பல் பிடுங்கின பாம்பாகத்தான் வந்தது. உப்பு விஷயத்தைப் பார்த்தால் புரியும். 1815 உடன்பாட்டின்படி பிரெஞ்சுப் பகுதிகளின் உப்பு வியாபாரம் ஆங்கிலேயருக்குப் போனது. அதற்கு ஈடாக வருஷம் 4 லட்சம் சிக்கா ரூபாய். 1818இல் உப்பு காய்ச்சுவதையே நிறுத்திவிடுவதாக இன்னொரு உடன்பாடு. கடற்கரையில் இருக்கும் ஊர், உப்பை ஆங்கிலேயரிடம் வாங்க வேண்டும்!

உப்பும் இல்லை, படையும் இல்லை, சுற்றி வர ஆங்கிலேய ஆட்சி. அப்படியென்றால் இந்த ஊரை வைத்துக்கொண்டு பிரான்ஸ் என்ன செய்தது? காரைக்கால் பயணத்தில் அவசியம் தெரிந்திருக்க வேண்டிய கதை இங்கேதான் தொடங்குகிறது. துறைமுகம் அரிசி ஏற்றியது, துணி ஏற்றியது. அப்புறம் ஆட்களை ஏற்றியது.

1848இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. பாண்டிச்சேரியும் காரைக்காலும் ஆள் பிடிக்கும் வாசல்கள் ஆயின. காரைக்காலுக்குப் பின்னால் இருந்ததோ, பண்ணையாளாகவும் கூலியாகவும் நிலமில்லாமல் வேலை செய்த ஜனங்கள் நிறைந்த தஞ்சாவூர் ஜில்லா. எல்லைக்கு இந்தப் பக்கம் ஆங்கிலேயச் சட்டம், அந்தப் பக்கம் பிரெஞ்சுச் சட்டம். நடுவே ஒரு வாய்க்கால்தான். ஆசை காட்டி ஒரு ஆளை வாய்க்காலைத் தாண்ட வைத்துவிட்டால் போதும், அப்புறம் அவர் தஞ்சாவூர் கலெக்டர் கைக்கு எட்டமாட்டார். இதைப் பற்றி ஆங்கிலேய அதிகாரிகள் புகார் மேல் புகார் எழுதினார்கள். (கருணையால் மட்டும் அல்ல. அவர்களுடைய மொரீஷியஸ் தோட்டங்களுக்கும் இதே ஆட்கள்தான் வேண்டியிருந்தது!) கடைசியில் 1860, 1861 ஒப்பந்தங்கள் மூலம் ஆங்கிலேயப் பகுதியிலிருந்தே ஆள் எடுக்க பிரான்ஸுக்கு அனுமதி கிடைத்தது.

1853 மே மாதம் "ஒரேலி" என்ற கப்பல் சுமார் 300 இந்தியர்களோடு மார்த்தினிக் தீவில் போய் நின்றது. கரீபியன் கடலில் பிரெஞ்சுத் தீவுகளுக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிகள் அவர்கள். அதன் பிறகு 1880கள் வரை மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர், குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேர். ரீயூனியனுக்குப் போனவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். எல்லோரும் காரைக்காலில் ஏறியவர்கள் அல்ல, எல்லோரும் தமிழர்களும் அல்ல. ஆனால் பெரும் பங்கு தமிழ் நாட்டுக் கிராமத்து ஜனங்கள்தான். ஐந்து வருஷ ஒப்பந்தம் என்று சொன்னார்கள். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு மூன்று மாதக் கடல் பயணம். திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர். ரீயூனியனுக்குப் போவதை ஆங்கிலேய அரசு 1882இலும், கரீபியன் தீவுகளுக்குப் போவதை 1888இலும் நிறுத்தியது.

நாகூர் நிலையத்தில் வண்டி நிற்கும்போது ஜன்னலுக்கு வெளியே பார்க்க வேண்டிய காரணம் இதில் இருக்கிறது. நாகூர் தர்காவின் மனோராக்களில் மிக உயரமான, 131 அடி மனோராவைக் கட்டிக் கொடுத்தவர் அதே பிரதாபசிங் ராஜாதான். கடலில் போகிறவர்களைக் காப்பவர் நாகூர் ஆண்டவர் என்பது இந்தக் கரையில் மதம் பார்க்காத நம்பிக்கை. கப்பல் ஏறிய ஏழைகள் அந்த நம்பிக்கையையும் கொண்டுபோனார்கள். மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் இன்றும் இந்திய வம்சாவளியினர் மாரியம்மனை "மாலியேமே" என்று கும்பிடுகிறார்கள். அந்தப் பூசையிலேயே "நாகூமிலா" என்று ஒரு சாமிக்கும் கொடி ஏற்றி வணங்குகிறார்கள். தங்கள் முன்னோரைக் கடலில் காப்பாற்றியவர் என்பது அவர்கள் சொல்லும் கதை. நாகூமிலா வேறு யாருமில்லை, நாகூர் மீரா! தமிழ் மறந்து, பிரெஞ்சும் கிரியோலும் பேசும் பேரப்பிள்ளைகளின் வாயில் நாகூர் என்ற ஊர்ப்பெயர் மட்டும் தேய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. முத்துசாமி, வைத்திலிங்கம், வீரப்பிள்ளை எல்லாம் அங்கே குடும்பப் பெயர்கள்.

காரைக்காலில் இறங்கியதும் முதலில் எங்கே போவது என்று கேட்டால், அரசலாறு கடலில் சேரும் இடத்துக்குப் போகலாம். மற்றவர்கள் சாயங்காலம் காற்று வாங்கப் போகும் இடம்தான். பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாத மணல் கடற்கரை இது, அந்தக் காலத்தில் படகில் போய்த்தான் கப்பல் ஏற வேண்டும். ஆற்றையும் ஒரு முறை நன்றாகப் பார்க்க வேண்டும். பூதலூர் வட்டத்தில் இருக்கும் கல்லணையில் பிரிந்த காவிரி, பாபநாசம் பக்கம் அரசலாறாகக் கிளைத்து, இங்கே வந்து முடிகிறது. பூதலூர்க்காரர் ரயிலில் வந்த தூரத்தை அந்தத் தண்ணீர் தனி வழியில் வந்து சேர்ந்திருக்கிறது. ஜூனில் மேட்டூர் திறந்தால் பூதலூர்ப் பக்கம் முதலில் தண்ணீர் பார்க்கும், காரைக்கால் கடைமடை. 2007இல் காவிரி நடுவர் மன்றம் தீர்ப்பு சொன்னபோது புதுச்சேரிக்கு 7 டிஎம்சி ஒதுக்கியது. 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 419லிருந்து 404.25 டிஎம்சியாகக் குறைத்தபோதும் அந்த 7இல் கை வைக்கவில்லை. புதுச்சேரி என்று எழுதியிருந்தாலும் அது காரைக்கால் வயல்களுக்கான தண்ணீர்தான். 1750இல் பிரதாபசிங் எழுதிக்கொடுத்த 81 கிராமங்கள், டெல்லியில் தனிக் கட்சிக்காரராக வக்கீல் வைத்து வாதாடும் அளவுக்கு இன்றும் உயிரோடு இருக்கின்றன.

இதே கடற்கரைதான் 2004 டிசம்பர் 26 சுனாமியில் அடிபட்டது. புதுச்சேரி ஆட்சிப் பகுதியில் இறந்தவர்களில் பெரும்பாலோர் காரைக்கால் பகுதி மீனவக் குடும்பத்தினர். குளிக்க இறங்குகிறவர்கள் அலையோடு விளையாடாமல் இருப்பது நல்லது.

ஊருக்குள் காரைக்கால் அம்மையார் கோயில், தேற்றரவு அன்னை ஆலயம், மஸ்தான் சாகிபு தர்கா மூன்றும் ஒன்றுக்கொன்று அதிக தூரமில்லை. மதியத்துக்குள் பார்த்துவிடலாம். அம்மையார் இந்த ஊர் வணிகக் குடும்பத்துப் பெண். பிரெஞ்சுக்காரர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே காரைக்கால் வியாபார ஊராக இருந்தது என்பதற்கு அவர் கதையே சாட்சி. ஆனிப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா. மாடியிலிருந்து மாம்பழம் வீசுவார்கள். அந்த நாளில் போகிறவர் சரித்திரத்தை மறந்துவிட்டுப் பழத்தைப் பிடிப்பதே உத்தமம்.

பிரெஞ்சு ஆட்சி முடிந்த விதமும் கொஞ்சம் விநோதம். 1947இல் சுற்றிலும் சுதந்திரம் வந்துவிட்டது, காரைக்காலில் வரவில்லை. 1949இல் சுங்க உடன்பாடும் முடிவுக்கு வந்தபின் ஊர் எல்லையில் சோதனை கடுமையானது. ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சும் இரண்டு சொந்தக்காரர்களில் ஒருவர் இந்தியாவில், ஒருவர் பிரான்ஸில்! 1954 அக்டோபர் 18ஆம் தேதி பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்துச் சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16இல்தான். அதன் பிறகு ஆறு மாதம் அவகாசம். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் எழுதிக் கொடுக்கலாம், எழுதிக் கொடுக்காதவர் இந்தியர். சைகோனில் சிப்பாயாகவும் குமாஸ்தாவாகவும் வேலை பார்த்த குடும்பங்கள் பல எழுதிக் கொடுத்தன. அந்தக் குடும்பங்களின் வாரிசுகள் பிரான்ஸ் ஜனாதிபதி தேர்தலுக்குக் காரைக்காலிலேயே ஓட்டுப் போடுகிறார்கள். எழுதிக் கொடுக்காத பக்கத்து வீட்டுக்காரர் நியாய விலைக் கடை வரிசையில் நிற்கிறார். இரண்டு வீட்டுக்கும் இடையில் இருக்கும் வித்தியாசம் அந்த ஆறு மாதத்தில் தாத்தா போட்ட ஒரு கையெழுத்து.

இனி பயண விஷயம். காரைக்காலுக்கு முதலில் ரயில் வந்தது நாகூர் வழியாக அல்ல, பேரளம் வழியாக, 1898இல். பிரெஞ்சுப் பகுதிக்காகப் போட்ட அந்தப் பாதை 1980களில் மூடப்பட்டது. அகலப்பாதையாக மீண்டும் போடும் வேலை 2020களில்தான் நடந்தது. பூதலூர் வழியாகப் போகிறவருக்கு உதவும் நாகூர் - காரைக்கால் பாதை 2011இல் திறக்கப்பட்டது. பஸ்தான் வசதி என்பவர்கள் தஞ்சாவூர், கும்பகோணம் வழியாகப் போகலாம். அப்படிப் போனால் திருநள்ளாறு வழியில் வரும். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், கூட்டம் தாங்காது. நேரம் மிச்சம் இருந்தால் வடக்கே 15 கிலோமீட்டரில் தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையைப் பார்த்துவிடலாம். ஆனால் இரண்டையும் அவசரமாகப் பார்ப்பதைவிட ஒன்றை ஒழுங்காகப் பார்ப்பது மேல்.

திரும்பும்போது வாஞ்சூர் சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொல்வார்கள். பாட்டில் இருந்தால் வழக்குத்தான், கல்லூரி அடையாள அட்டை காப்பாற்றாது. விடுதலை நாள் கொண்டாட்டம் பார்க்க நவம்பர் 1இல் போக விரும்புகிறவர்கள், அது ஐப்பசி அடைமழைக் காலம் என்பதை மறக்காமல் குடை எடுத்துப்போகவும். திரும்பும் வண்டியின் நேரத்தை முதல் நாளே விசாரித்துக்கொள்ளவும். இந்தப் பாதையில் ஒன்றை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் உட்கார வேண்டியிருக்கும்.